பன்னிரண்டு மணிச் சங்கு

"பன்னெண்டு மணிக்கு கேப்டன் சங்கு ஊதுவாராம். உன் வேலைக்கும் சேர்த்து ஊதிடப் போறாரு, பாரு" என்றாள் ஸ்வாதி.

விஷால் சிரித்தான். கப்பல் அறையின் சின்ன மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தான்.

"அதுக்குள்ள மீட்டிங் முடிஞ்சிடும். நீ மேல போய் நீச்சல் குளத்துகிட்ட ரெண்டு சாய்வு நாற்காலி புடிச்சு வையேன்."

"தனியா போய் உக்காரவா இட்டுக்கினு வந்த? இன்னிக்கு முழுக்க ஊரு கிடையாது, கரை கிடையாது, காலை நீட்டிக்கினு கடலைப் பாக்குறதுதான் வேலைன்னு சொன்னியே, இன்னா ஆச்சு?"

"பதினஞ்சே நிமிஷம்."

ஸ்வாதி தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

கல்யாணமாகி இரண்டு வருடம். தேனிலவு மூன்று முறை தள்ளிப்போயிருந்தது. மூன்று முறையும் ஐ.டி. கம்பெனியில் விஷாலுக்கு வேலை. நான்காவது முறையும் அதேதான். திங்கட்கிழமை அமெரிக்க வாடிக்கையாளரிடம் சாஃப்ட்வேரை ஒப்படைக்க வேண்டும். அதுவரை யாருக்கும் விடுப்பு இல்லை என்று மேலாளர் ஸ்ரீதேவி அறிவித்தாள். வீட்டிலிருந்து வேலை செய்யலாம், ஊரை விட்டு நகரக் கூடாது. விஷாலுக்கு மட்டும் தனி மெயில் வந்தது. போன வருடம் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு ஏலகிரியில் மாட்டிக்கொண்டவன் அவன். இன்னொரு முறை மாட்டினால் வேலை போய்விடும்.

மெயிலைப் படித்தான். சென்னைத் துறைமுகத்துக்குப் போய்க் கப்பல் ஏறிவிட்டான்.

நேற்று மாலை மேல் தளத்தில் நின்றிருந்தபோது, தூரத்தில் மாமல்லபுரம் கலங்கரை விளக்கம் மினுக்கியது. "மேடம் வூடு அங்கதான் கீது. டாட்டா காட்டு" என்று இரண்டு கையையும் ஆட்டினான். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"முதல்ல உன் பின்னாடி இருக்கிற சுவரைப் பாரு, சரியா தெரியுதான்னு" என்று ஸ்வாதி கட்டிலிலிருந்தே சொன்னாள்.

தெரிந்தது. திரையில் அவன் முதுகுக்குப் பின்னால் கப்பல் அறை இல்லை. செங்கல்பட்டு வீட்டு ஹால் இருந்தது. சுவரில் தினசரிக் காலண்டர், அதில் இன்றைய தேதி. கிளம்புவதற்கு முன்பே மூன்று நாள் தாள்களையும் ஒவ்வொன்றாகக் கிழித்து, தேதிக்கு ஒரு போட்டோ எடுத்து வைத்திருந்தான். "பொறக்காத நாளைக் கிழிக்கிறியே, உருப்படுவியாடா?" என்று அவன் அம்மா பார்வதம் அன்றைக்குச் சாப்பாடுகூடப் போடவில்லை.

"இந்த மூளையை ஆபீஸ்ல காட்டியிருந்தா நீதான் மேனேஜர்."

"ஷ்ஷ்... வந்துட்டாங்க."

ஹெட்போனில் ஸ்ரீதேவியின் குரல் கேட்டது. "விஷால், வீட்லதானே இருக்கீங்க?"

"வேற எங்க மேடம் போவேன்? செங்கல்பட்டுதான்."

"குட். என் கேமராவை எதிர்பார்க்காதீங்க. மாமல்லபுரத்துல நெட் ரொம்ப மோசம்."

அவள் இருந்த இடத்தில் ஒரு வட்டமும் அதற்குள் பெயரின் முதல் எழுத்தும்தான் தெரிந்தன. குரலோடு சேர்ந்து காற்று இரைந்தது.

"காத்து பலமா கேக்குது மேடம்."

"பீச் ரோட்டு வீடு, அப்படித்தான் இருக்கும். நானும் லீவைக் கேன்சல் பண்ணிட்டுத்தான் உக்காந்திருக்கேன். வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேசறதில்ல. என்ன பண்றது, வேலைன்னா வேலை. சீக்கிரம் சொல்லுங்க, பன்னெண்டு மணிக்கு மேல எனக்கு இன்னொன்னு இருக்கு."

விஷால் சொல்ல ஆரம்பித்தான். அவன் பேசும்போதெல்லாம் காற்றுச் சத்தம் நின்றது. தன் மைக்கை மூடிக்கொண்டு கேட்கிறாள். கேள்வி கேட்கும்போது மட்டும் திறந்தாள். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. எந்தப் பிழை எப்போது சரியாகும் என்று பிசகாமல் சொன்னான். குரலில் துளி நடுக்கம் இல்லை.

ஸ்வாதி கைக்கடிகாரத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பன்னிரண்டுக்கு ஒரு நிமிடம். அவன் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வாக்கியத்தைத் தொடர்ந்தான்.

வாக்கியம் முடிவதற்குள் சங்கு ஊதியது. மேஜைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் அதிர்ந்தது. ஸ்வாதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சங்கு அடங்கியது. ஸ்ரீதேவி மைக்கைத் திறந்தாள். "அது என்ன சத்தம்?"

"ட்ரெயின் மேடம். வீட்டுக்குப் பின்னாடியே ஜங்ஷன். கூட்ஸ் வண்டி போகுது."

விஷால் அதோடு விடவில்லை.

"நாள் முழுக்க இதே பேஜாருதான் மேடம். எங்களுக்குப் பழகிப்போச்சு."

"ட்ரெயினா?"

"ஆமா மேடம்."

"சரி... நீங்க மைக்கை மூடுங்க. நான் பேசி முடிச்சிடறேன்."

மூடினான். ஸ்வாதியைப் பார்த்துக் கண்ணடித்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

இரண்டாவது முறை சங்கு ஊதியது.

அரை நொடி கழித்து அதே சங்கு அவன் ஹெட்போனுக்குள் ஊதியது.

விஷால் திரையைப் பார்த்தான். அவனுடைய மைக் மூடித்தான் இருந்தது. காதில் காற்று மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"இங்கயும் ட்ரெயின்தான் விஷால்" என்றாள் ஸ்ரீதேவி.

மாமல்லபுரத்துக்கு ரயிலே கிடையாது.