இறகு மூக்குத்தி

சித்திரை வெயிலில் அடைவைத்தால் எல்லாம் கூமுட்டையாகிவிடும். அது தெரியாமல் கருங்கோழி கூடையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்றது. பூவாத்தா முட்டைகளைக் குழம்புக்கு எடுத்துக்கொண்டு, அடை மறக்கட்டும் என்று அதன் மூக்கில் ஓர் இறகைச் செருகிவிட்டாள்.

"என் முட்டையைக் குடு!" என்று கத்திக்கொண்டே கருங்கோழி அடுப்படி வரைக்கும் ஓடியது.

வெள்ளைக்கோழி குறுக்கே வந்தது. "அடியே, மூக்குத்தியா! உனக்கு மட்டுமா போட்டாங்க?"

கருங்கோழி நின்றது. தண்ணீர்த் தொட்டியில் எட்டி முகம் பார்த்தது.

"ஆமா, எனக்கு மட்டுந்தான்."

ஐப்பசியில் மழை பிடித்தது. பூவாத்தா இறகை உருவிப் போட்டுவிட்டு, கருங்கோழி புதிதாக இட்ட முட்டைகளின் மேல் அதை உட்காரவைத்தாள்.

கருங்கோழி துள்ளி எழுந்தது.

"முட்டை கிடக்கட்டும். என் மூக்குத்தி எங்கே?"