பிரிவினைவாதி வீரம்மாள்

‘ஒன்றியத்தை விட்டுப் பிரிவோம்’ என்று திருச்சி பஸ் ஸ்டாண்டில் போஸ்டர் ஒட்டிய வாழைக்காய் வியாபாரி வீரம்மாளை ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்கள்.

“ஒரு மாநிலமே நாட்டை விட்டுப் பிரிய சட்டத்துல வழியில்ல. உன் கிராமம் பிரியப் போகுதா?” இன்ஸ்பெக்டர் தேசத்தைத் தோளில் தாங்கியபடி கேட்டார்.

“பிரிஞ்சே ஆகணுங்க. நாலு வருஷமா மனு கொடுக்குறோம்.”

“மனு வேறயா? பிரிஞ்சு எந்த நாட்டோட சேருவீங்க?”

“நாடா? முசிறி ஒன்றியத்தோடங்க. இப்ப யூனியன் ஆபீசுக்கு ரெண்டு பஸ் மாறணும். முசிறின்னா ஒரே பஸ்.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் இறங்கியது.

“அம்மா, ரெண்டு நாள் மட்டும் தீவிரவாதியா இருங்களேன். டெல்லிக்கு ரிப்போர்ட் அனுப்பிட்டேன்.”