பௌர்ணமிக் கலகம்

"நீங்களாதானே அவன்கிட்ட சரணடைஞ்சீங்க? இப்ப எதுக்குப் புலம்பறீங்க?" என்றாள் ஆர்த்தி.

"கூட்டணின்னு சொல்லித்தான்டி சேத்துக்கிட்டான். இப்ப நான் அவனுக்குச் சிற்றரசனாம். மூணு மாசமா வெளைச்சல்ல பாதியைக் கப்பமா புடுங்கறான்," என்று செல்போன் விளையாட்டைக் காட்டினான் பிரசாத். "பேரு அக்னிராஜா. ஆளு யாருன்னே தெரியல."

கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்த மாமியார் சரோஜா, வேர்க்கடலை உரித்தபடி கேட்டாள். "அப்ப விடுதலையே கெடையாதா மாப்ள?"

"நாளைக்குக் கெடைச்சிடும் அத்தை. இதுல ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் ஆட முடியும். தெனமும் கரெக்டா வர்றவன், பௌர்ணமி அன்னைக்கு மட்டும் வர்றதில்ல. நாளைக்குப் பௌர்ணமி. ஆளில்லாத நேரமா பாத்து அவன் தலைநகரையே புடிச்சிடுவேன்."

சரோஜா உரிப்பதை நிறுத்தினாள்.

"அம்மா, நாளைக்கு கிரிவலத்துக்கு எத்தனை மணிக்குக் கெளம்பறே?" என்றாள் ஆர்த்தி.

"இந்த மாசம் போகலடி," என்ற சரோஜா, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் செல்போனை எடுத்தாள். "நான் மலை சுத்தப் போயிட்டா, தலைநகரை யாரு பாத்துக்குவா?"

பிரசாத் தன் செல்போனையும் அவள் செல்போனையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாப்ள, தப்பா நெனைச்சுக்காதீங்க. காலைல கப்பத்தை மட்டும் அனுப்பிடுங்க."