கனமான தொட்டி

மலைமேல் இருந்த அந்த வீட்டில், உறைபனிக் காலம் வருமுன்பே எஸ்தர் அம்மா தோட்டத்தை ஒழுங்குபண்ணிவிடுவார். அந்த வருடமும் ரோஜாச் செடிக்குச் சாக்கு சுற்றினார். மண்தொட்டிகளை ஒவ்வொன்றாக வீட்டுக்குள் தூக்கிப் போனார். பூவாளியை வெளிச்சுவரோரம் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

செடி பட்டுப்போன ஒரு பழைய தொட்டி மட்டும் வெளியே நின்றது.

"உன்னை மறந்துட்டாங்க போல," என்றது பூவாளி.

"சேச்சே! நான் கனம் ஜாஸ்தி. அதான் கடைசியா எடுக்கலாம்னு விட்டிருக்காங்க," என்றது தொட்டி.

மறுநாளும் கதவு திறக்கவில்லை. "இடுப்பு வலிச்சிருக்கும், பாவம்," என்றது தொட்டி.

அடுத்த நாள், மற்றத் தொட்டிகளுக்கு அம்மா சொம்பால் தண்ணீர் விடுவது ஜன்னல் வழியே தெரிந்தது. "எல்லாம் சின்னதுங்க. முதல்ல அதுங்களைத்தானே பார்க்கணும்?"



ஒரு விடியலில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் வெளுத்திருந்தது. தொட்டிக்குள் இருந்த ஈரமண் உறைந்து உப்பியதில், அது பட்டென்று வெடித்துத் துண்டுதுண்டானது.

வெயில் ஏறியதும் எஸ்தர் அம்மா வந்தார். "அட, இது ஒண்ணு வெளியிலயே கிடந்துச்சா?" என்றபடி துண்டுகளைக் காலால் ஒதுக்கினார். புதுத் தொட்டியின் அடித்துளையை மூட அவருக்கு ஒரு சில்லு வேண்டியிருந்தது. அளவான ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

அவர் கைக்குள்ளிருந்து அந்தச் சில்லு பூவாளியிடம் கத்தியது: "பார்த்தியா, நான் சொன்னேன்ல? என்னை உள்ளே கூட்டிட்டுப் போறாங்க!"