எதிர்க்கூண்டு

"மேடம், எங்க அக்கா வந்திருக்கு. மூணாம் நம்பர்ல ஏறி உக்காந்துடுச்சு."

வாக்கிடாக்கியில் கதவின் குரல். ராட்டினத்தின் கூண்டுகளைத் திறந்து மூடுவது அவன் வேலை. அதனால் எங்கள் எல்லோருக்கும் அவன் 'கதவு'. நாற்பது வயது. எந்நேரமும் யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பவன். இன்று அந்தக் குரலில் கேலியே இல்லை.

இயக்கும் அறையின் கண்ணாடி வழியே பார்த்தேன்.

இந்தக் கோடைக்கென்று கடற்கரையில் எத்தனையோ முளைத்திருக்கின்றன. கண்ணாடித் தரை போட்ட பாலம், பாட்டுக்கு ஆடும் நீரூற்று, மணலில் செய்த யானைக் கூட்டம். நடுவில் எங்கள் ராட்சத ராட்டினம். வாரநாள், காலை பதினொரு மணி. வெயிலில் கடலும் வானமும் ஒரே பால் நிறமாகி, எது எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

கூட்டமே இல்லை. மூன்றாம் கூண்டில் அவள் மட்டும், மடியில் கைப்பையோடு.

ஆறு வருடங்களுக்கு முன்னால் அவர்களுடைய அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வெளியூரில் இருந்த அக்காவுக்குத் தகவல் சொல்ல வேண்டியவன் கதவு. நாளைக்கே எழுந்து உட்கார்ந்துவிடுவார், வீணாக அவளை ஏன் பயமுறுத்த வேண்டும் என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டான். அவள் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றிலிருந்து அவனோடு அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. டீ குடிக்கும்போது ஒருநாள், டம்ளரைப் பார்த்துக்கொண்டே இதை என்னிடம் சொல்லியிருந்தான். இப்போது வாக்கிடாக்கி மறுபடி கரகரத்தது.

"டிக்கெட்டை நீட்டுச்சு. கிழிச்சுக் குடுத்தேன். என் கையைத்தான் பாத்துச்சு, மூஞ்சியைப் பாக்கல. இப்ப நான் என்ன பண்றது மேடம்?"

எனக்குத் தெரிந்ததெல்லாம் இயந்திரம். அதையே சொன்னேன்.

"ஒரு பக்கம் மட்டும் ஆள் இருந்தா சக்கரம் இழுக்கும் தம்பி. எதிர்ப்பக்கமும் எடை வேணும். பதினஞ்சாம் கூண்டு கீழ வரும், நீ ஏறி உக்காரு."

"நானா?"

"பின்ன, அந்த யானையையா கூப்பிடறது? தொட்டா உதிர்ந்துடும்."

மொத்தம் இருபத்து நான்கு கூண்டுகள். மூன்றுக்கு நேர் எதிர் பதினைந்து. சக்கரத்தை அரைச்சுற்று விட்டேன். அவள் உச்சிக்குப் போனாள். பதினைந்து தரைக்கு வந்தது. கதவு படியில் ஒரு காலை வைத்து, எடுத்து, மறுபடி வைத்தான். அக்காவை நினைத்துத் தயங்குகிறான் என்று எண்ணிக்கொண்டேன். பிறகு ஏறி உட்கார்ந்தான். பூட்டை நான் இங்கிருந்தே போட்டேன்.

ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். அதில் எதிரெதிர்க் கூண்டுகள் ஒரே உயரத்துக்கு வருவது இரண்டே முறை. நடுவில் இருக்கும் பெரிய அச்சு மறைக்குமே என்று தோன்றும். மறைக்காது. கூண்டுகள் சட்டத்திலிருந்து தொங்குகின்றன அல்லவா, அதனால் உள்ளே இருப்பவரின் பார்வை அச்சுக்குச் சற்றுக் கீழாகவே போய், எதிரில் இருப்பவரைத் தொட்டுவிடும்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

சின்ன ராட்டினங்களில்தான் எடை பார்த்து ஆள் ஏற்ற வேண்டும். இது முந்நூறு டன். ஓர் ஆள் ஏறுவது இதற்கு ஒரு காக்கை வந்து உட்கார்ந்த மாதிரி. மோட்டாரின் அளவுமுள் அசையக்கூட இல்லை.

கதவுக்கும் அது தெரியும். இரண்டு மாதமாகத் தினமும் ஒற்றை ஆட்களை ஏற்றி அனுப்புகிறவனே அவன்தான். ஆனாலும் எதிர்த்து ஒன்றும் கேட்கவில்லை.

அப்புறம், வேகிற வெயிலில் தன்னந்தனியாக ராட்டினம் சுற்ற யார் வருவார்கள்?

முதல்முறை இருவரும் ஒரே உயரத்துக்கு வந்தபோது அவள் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடலைப் பார்த்தாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அவள் தரைக்கு வந்தாள். நான் நிறுத்தவில்லை. என் கண்ணாடியைக் கடந்தபோது அவள் முகம் கூண்டின் ஜன்னலோடு ஒட்டியிருந்தது. அண்ணாந்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீரூற்றுக்காரர்கள் ஏதோ ஒரு பாட்டைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காற்றில் பாதி பாதியாக வந்தது. சக்கரம் தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல் சுற்றியது.

மேஜைமேல் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்றாம் கூண்டின் இன்டர்காம். ரிசீவரை எடுத்தேன்.

"ஏங்க, எதிர்ல ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க, அவனை யாருங்க மேல ஏத்துனது? அவனுக்கு உயரம்னாலே ஆகாது. மொட்டைமாடிக்கு வந்தாகூட சுவத்தைப் புடிச்சுக்கிட்டே நடப்பான். இப்பவும் தலையைக் குனிஞ்சு கம்பியைப் புடிச்சுக்கிட்டிருக்கான். கீழ பாக்காதன்னு சொல்லுங்க. என்னைப் பாக்கச் சொல்லுங்க."

இரண்டு மாதத்தில் அவன் ஒருமுறைகூட ராட்டினம் ஏறியதில்லை. வேலை மும்முரம் என்றே நினைத்திருந்தேன்.

எந்த இரண்டு கூண்டுகளையும் பேச வைக்க முடியும். இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினால் போதும், அவசரத்துக்கென்று வைத்தது.

"நீங்களே சொல்லுங்க" என்று சொல்லி, மூன்றையும் பதினைந்தையும் அழுத்தினேன். வேகத்தைக் கடைசிப் படிக்கு இறக்கினேன்.

ரிசீவரைக் கீழே வைப்பதற்குள் ஒரு சொல் காதில் விழுந்துவிட்டது.

"டேய்..."

கடல் பக்கம், பால் நிறத்தின் நடுவே தொங்கிய கூண்டில், குனிந்திருந்த தலை நிமிர்ந்தது.