கறுத்த பற்கள்

நமுனுகுலத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியை லீலாதேவி, வாயகன்ற மிட்டாய்ப் போத்தலை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைக்கிறாள். உள்ளே மரப்பட்டையில், அவள் ஆசையாக வளர்க்கும் புலிச்சிலந்தி உள்ளங்கை அகலத்துக்குக் கால் விரித்துக் கிடக்கிறது. போன கிழமை அது பழைய தோலைக் கழற்றியது, அன்றிலிருந்து பட்டினி. வெளியே மூடுபனி கலைந்து தேயிலைச் செடிகளில் நீர் சொட்டுகிறது. அவள் விரல்களுக்கிடையே ஒரு பச்சை வெட்டுக்கிளி உயிரோடு உதைக்கிறது. கணவர் சிவராசா ட்ரான்சிஸ்டரை நிறுத்திவிட்டுக் கிட்ட வருகிறார். "அவசரப்படாதையும். புதுத்தோல். உந்த வெட்டுக்கிளி உதைச்சுக் கிழிச்சுப்போடும்." அவள் சிரிக்கிறாள். "அதின்ர பல்லைப் பாருங்கோ. தோல் கழட்டின அண்டைக்கு வெள்ளையாக் கிடந்தது. இப்ப நல்லாக் கறுத்துப்போச்சு, தோலும் இறுகியிட்டுது. இனிப் பயமில்லை." மூடியைத் திறந்து, பிடியை விடுகிறாள். வெட்டுக்கிளி கண்ணாடியில் மோதி அடியில் விழுகிறது. சிலந்தி அசையவில்லை. அவள் மூடியைச் சாத்துகிறாள். வெட்டுக்கிளி ஒரு காலை நகர்த்துகிறது. அடுத்த கணம் மரப்பட்டை வெறுமையாக இருக்கிறது. முன்கால்களின் அடிப்பக்கம் மஞ்சளாய் மின்ன, சிலந்தி அந்தப் பச்சை உடலை இறுக அணைத்து நிற்கிறது. மெல்லிய நொறுங்கும் சத்தம் போத்தலுக்குள் கேட்கிறது. சிவராசா குனிந்து கண்ணாடியோடு முகத்தை ஒட்டுகிறார்.

"இன்னொண்டு பிடிச்சுக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம். அது ஆறுதலாத் தின்னட்டும்" என்றபடி லீலாதேவி, அவர் மூச்சுப் படிந்து மங்கிய கண்ணாடியை முந்தானையால் துடைக்கிறாள்.