அரைப்புள்ளி வரும்வரை

பின்லாந்தின் ஊலு நகரத்து ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில், வெளியே பனியில் பட்ட நண்பகல் வெயில் சுவர்த்திரையின் மேல் பளீரென்று விழுகிறது. திரையிலுள்ள வரைபடத்தில் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. சற்று முன்வரை ஊரின் ஒவ்வொரு வண்டியும் அதில் ஊர்ந்துகொண்டிருந்தது. பழுதான ஒரே ஒரு வண்டியைப் பட்டியலிலிருந்து நீக்கத்தான் அறைப் பணியாளன் யோர்மா கணினி முன் உட்கார்ந்தான். வண்டிகளை நீக்கு என்று முதல் வரியில் அடித்து, எந்த வண்டி என்பதை அடுத்த வரியில் எழுதுவது அவன் கைப்பழக்கம். கட்டளை முடிந்ததென்று கடைசியில் அரைப்புள்ளி வைக்கும்வரை, பட்டியலை வைத்திருக்கும் தரவுக் கருவி பேசாமல் காத்திருக்கும். இன்று அது காத்திருக்கவில்லை; முதல் வரியையே முழுக் கட்டளையாக எடுத்து எல்லா வண்டிகளையும் நீக்கிவிட்டது. "அரைப்புள்ளிய மறந்துட்டு எல்லாரும் என்னத் திட்டுறீங்களேன்னுதான் அது இல்லாட்டியும் ஏத்துக்கிற மாதிரி காலையில கொஞ்சம் தளர்த்தி விட்டேன்," என்கிறாள் கருவியைப் பராமரிக்கும் பைவிக்கி. அவள் அடுத்த மூச்சு எடுப்பதற்குள் அவன் புறங்கை அவள் வாயில் இறங்குகிறது. காபிக் கோப்பை சுவரில் மோதிச் சிதறுகிறது. "உன்ன யாருடி கருணை காட்டச் சொன்னது?" ஒலிபெருக்கியில் ஓர் ஓட்டுநர் அலறுகிறான்: "திரை காலியா கெடக்கு! எந்தத் தெருவுக்குப் போறது? குழந்தைக்கு மூச்சு இழுக்குதுன்னீங்களே!" யோர்மா இரண்டு முஷ்டிகளையும் கீபோர்டுக்கு மேலே ஓங்குகிறான். நாற்காலியோடு கவிழ்ந்து கிடந்த பைவிக்கி, உதட்டு ரத்தம் தெறிக்கப் பாய்ந்து, அவன் கையைப் பிடித்துத் தன் முகத்தின் பக்கம் இழுக்கிறாள். "என்ன அடி. எவ்வளவு வேணா அடி. அத மட்டும் அடிக்காத. இப்ப நீ எதக் குத்தினாலும் அது சரின்னு எடுத்துக்கும்." கணினித் திரையில் கருவியின் எழுத்துச் சுட்டி அடுத்த கட்டளைக்காக அமைதியாகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது.